1966 எம்ஜிபி-யில் டியூராடெக் இன்ஜின்: பவர் வயரிங்கை எங்கிருந்து தொடங்குவது?

திருப்புளி

வணக்கம். வண்டி 1966 எம்ஜிபி, பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். சீட்டுக்குப் பின்னால் இரண்டு 6 வோல்ட் பேட்டரி, பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பாசிட்டிவ் பாடியோடு சேர்ந்தது), சி40 டைனமோ, அதன் சார்ஜைக் கட்டுப்படுத்தும் ஆர்பி340 கண்ட்ரோல் பாக்ஸ், இரண்டே இரண்டு கண்ணாடி ஃபியூஸ். உள்ளே போவது ஃபோர்டின் 2.0 லிட்டர் டியூராடெக். பிளக்குக்கு ஒரு காயில் வீதம் நாலு காயில், தனியாக வாங்கிய ஆஃப்டர்மார்க்கெட் இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி), 90 ஆம்பியர் ஆல்டர்நேட்டர், ரேடியேட்டருக்கு ஒரு எலெக்ட்ரிக் ஃபேன், பின்பக்கம் உயர் அழுத்த பெட்ரோல் பம்ப்.

பாடி வயரிங் உடையாமல், இன்சுலேஷன் மிருதுவாக நல்ல நிலையில்தான் இருக்கிறது. அதை முழுக்கப் பிடுங்காமல் புது இன்ஜினுக்கு மின்சாரம் கொடுக்க முடியுமா? பழைய ஃபியூஸ் பெட்டியிலிருந்தே எடுக்கலாமா, தனிப் பெட்டி வேண்டுமா? மெயின் கேபிள் என்ன தடிமன்? பெரியவர்கள் வழி சொல்ல வேண்டும்.

செம்புக்கம்பி

பாடி வயரிங்கைப் பிடுங்க வேண்டாம். ஆனால் புது இன்ஜினின் ஒரு ஆம்பியர்கூட அதன் வழியாகப் போகக் கூடாது. இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாக ஒழுங்குக்கு வரும். இரண்டு ஹார்னஸ் (வயர்க் கட்டு), இரண்டுக்கும் தனித்தனி ஃபீட். நடுவில் சிக்னல் வயர்கள் மட்டும்.

உங்கள் வண்டியில் எல்லை தாண்ட வேண்டியவை இவ்வளவுதான். சாவி போட்டதும் உயிர்பெறும் வெள்ளை வயர், இது மெயின் ரிலேயின் (சின்ன மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் ஸ்விட்ச்) காயிலுக்கு. செல்ஃப் அடிக்கும்போது உயிர்பெறும் வெள்ளை-சிவப்பு, இது செல்ஃப் ரிலேயின் காயிலுக்கு. சார்ஜ் பல்புக்குப் போகும் பிரவுன்-மஞ்சள். பிறகு ஆர்பிஎம் மீட்டர் சிக்னல். எண்ணெய் அழுத்தமும் தண்ணீர் சூடும் காட்டும் மீட்டர் அந்த வருட வண்டிகளில் மெக்கானிக்கல், அதற்கு வயரே கிடையாது. ஆக நாலு வயர். அந்த நாலுக்கும் ஒரு கனெக்டர் வைத்துவிட்டால் நாளைக்கு இன்ஜினை இறக்கும்போது கட்டர் தேவைப்படாது.

பழைய ஃபியூஸ் பெட்டியிலிருந்து ஏன் எடுக்கக் கூடாது என்றால், அதில் எதற்குப் பாதுகாப்பு இருக்கிறது என்று பாருங்கள். ஒரு ஃபியூஸ் ஹார்னுக்கும் உள்விளக்குக்கும், ஊதா வயர். இன்னொன்று பிரேக் லைட், இண்டிகேட்டர், வைப்பர், ஹீட்டர் விசிறி எல்லாவற்றுக்கும் சேர்த்து, பச்சை வயர். ஹெட்லைட்டுக்கு ஃபியூஸ் இல்லை. இக்னிஷனுக்கும் பெட்ரோல் பம்புக்கும் போகும் வெள்ளை வயருக்கும் ஃபியூஸ் இல்லை. 22 ஆம்பியர் கொடுக்கும் டைனமோவை மனத்தில் வைத்துப் போட்ட வயரிங் அது. 90 ஆம்பியர் ஆல்டர்நேட்டரையும் புது 12 வோல்ட் பேட்டரியையும் கட்டிய பிறகு அதே வெள்ளை வயர் எங்காவது உரசி ஷார்ட் ஆனால், டாஷ்போர்டுக்குள் இருக்கும் மொத்தக் கட்டும் எரியும்.

திருப்புளி

கண்ணாடி ஃபியூஸில் 35 ஆம்பியர் என்று எழுதியிருக்கிறதே. பிளேடு ஃபியூஸ் பெட்டிக்கு மாற்றும்போது அதே 35 போடலாமா?

ரிலே87

போடக் கூடாது. லூகாஸ் கண்ணாடி ஃபியூஸில் எழுதியிருக்கும் 35 என்பது ஃபியூஸ் எரிந்து போகும் அளவு. தொடர்ந்து தாங்குவது 17 ஆம்பியர்தான். பிளேடு ஃபியூஸில் எழுதியிருப்பதோ தொடர்ந்து தாங்கும் அளவு. 35-க்கு 35 என்று போட்டால் பாதுகாப்பைப் பாதியாகக் குறைத்ததாக அர்த்தம். பச்சை வயருக்கு 15, ஊதாவுக்கு 15 போதும். எரிந்தால் பெரிய ஃபியூஸ் தேடாமல் லோடைத் தேடுங்கள்.

வெள்ளை வயருக்கு, சாவி ஸ்விட்சை விட்டு வெளியே வந்த உடனே 10 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று போடுங்கள். இனிமேல் அது ரிலே காயில்களை மட்டும்தான் இழுக்கப் போகிறது. ஒரு காயிலுக்கு 0.15 முதல் 0.2 ஆம்பியர். பச்சை வயர் சர்க்யூட்டும் அதே வெள்ளையிலிருந்துதான் பிரிகிறது என்பதால், அந்தப் பிரிவு உங்கள் 10 ஆம்பியர் ஃபியூஸுக்கு முன்னால் இருக்கட்டும்.

செம்புக்கம்பி

இப்போது கணக்கு. ஒரு தாளில் எழுதுங்கள், தோராயம் போதும். இசியு, காயில், இன்ஜெக்டர், ஆக்ஸிஜன் சென்சார் ஹீட்டர் சேர்த்து 12 முதல் 15 ஆம்பியர். பெட்ரோல் பம்ப் 7, 8. ஃபேன் ஓடும்போது 20, கிளம்பும் நொடியில் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. ஹெட்லைட் ஹைபீம் இரண்டும் சேர்த்து 9 (60 வாட் பல்ப் என்றால்). வைப்பர், ஹீட்டர் விசிறி, பிரேக் லைட், சைடு லைட் எல்லாம் ஒரே நேரத்தில் என்றால் இன்னொரு 15. மொத்தம் 65-ஐச் சுற்றி வருகிறது.

90 ஆம்பியர் ஆல்டர்நேட்டர் இதற்குப் போதும். ஆனால் அந்த 90 அதிக ஆர்பிஎம்மில் கிடைக்கும் எண். ஐடிலில் பாதி கிடைத்தாலே நல்லது. இரவு, மழை, டிராஃபிக், ஃபேன் ஓடுகிறது என்றால் ஐடிலில் பேட்டரியிலிருந்துதான் கொஞ்சம் போகும். அது இயல்பு. அதற்காகப் புல்லியைச் சின்னதாக்கினால், இன்ஜின் உச்ச வேகத்தில் ஆல்டர்நேட்டர் தன் எல்லையைத் தாண்டிச் சுற்றும்.

கேபிளுக்குச் சூத்திரம் எளிது. செம்பின் தடை ஒரு மீட்டருக்கு, ஒரு சதுர மி.மீ.க்கு 0.0175 ஓம். நீளத்தால் பெருக்கி, பரப்பால் வகுத்து, ஆம்பியரால் பெருக்குங்கள். வருவது வோல்டேஜ் இழப்பு. உங்கள் பேட்டரி சீட்டுக்குப் பின்னால், செல்ஃப் முன்னால், கேபிள் 3 மீட்டர் என்று வையுங்கள். 35 சதுர மி.மீ. போட்டால் தடை 0.0015 ஓம். செல்ஃப் 200 ஆம்பியர் இழுத்தால் 0.3 வோல்ட் போகும். இது சரி. 16 சதுர மி.மீ. போட்டால் 0.65 வோல்ட் போகும். குளிர்ந்த இன்ஜினில் செல்ஃப் இன்னும் அதிகம் இழுக்கும் என்பதால் அது சரிவராது. இரண்டு 6 வோல்ட் பேட்டரிகளையும், அவற்றை இணைக்கும் கேபிளையும் எடுத்துவிட்டு, ஒரு பக்கப் பெட்டியில் உட்காரும் அளவுக்கு ஒரே 12 வோல்ட் பேட்டரி போடுங்கள். பழைய ஈயக் கிளாம்ப் நாலும் அதோடு ஒழியும்.

ரிலே87

மெயின் ஃபியூஸ்கள் எங்கே உட்கார வேண்டும் என்பதையும் சொல்லிவிடலாம். ஃபியூஸ் வயரைக் காப்பாற்றத்தான், கருவியை அல்ல. ஆகவே மின்சாரம் வரும் முனையில், அதாவது பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். செல்ஃப் கேபிளுக்கு வழக்கமாக ஃபியூஸ் போடுவதில்லை. அதனால்தான் அந்தக் கேபிள் போகும் பாதையில் அவ்வளவு கவனம் வேண்டும். ஒவ்வொரு 20 செ.மீ.க்கும் ரப்பர் வைத்த கிளிப், தகட்டைத் தாண்டும் இடத்தில் குரோமெட், சைலன்ஸர் குழாயிலிருந்து ஒரு சாண் தள்ளி.

முன்பக்கம், செல்ஃபின் பெரிய போல்ட்டிலிருந்து ஒரு விநியோகக் கட்டைக்கு 16 சதுர மி.மீ. கேபிள் எடுங்கள், 30 செ.மீ.க்குள். அந்தத் துண்டுக்கு 125 ஆம்பியர் மெகா ஃபியூஸ் (போல்ட்டில் இறுக்கும் பெரிய வகை; மிடி அதைவிடச் சின்னது). கட்டையிலிருந்து மூன்று கிளை. இன்ஜின் ரிலே பெட்டிக்கு 60 ஆம்பியர் மிடி ஃபியூஸ், 10 சதுர மி.மீ. பாடியின் பழைய பிரவுன் வயருக்கு 30 ஆம்பியர். ஹெட்லைட் ரிலேக்களுக்கு 30 ஆம்பியர், 4 சதுர மி.மீ. ஆல்டர்நேட்டரின் பி+ கேபிளும் அதே கட்டைக்கு, 16 சதுர மி.மீ., கட்டை முனையில் தனியாக 125 ஆம்பியர் மெகா.

பிரவுன் வயருக்கு 30-க்கு மேல் போடாதீர்கள். ஹெட்லைட்டை ரிலேக்கு மாற்றிவிட்டால் அந்த வயருக்கு 30 தாராளம்.

திருப்புளி

ஆர்பி340 பாக்ஸை என்ன செய்வது? பாசிட்டிவ் எர்த்தை மாற்றும்போது வேறு எது கெடும்?

செம்புக்கம்பி

கண்ட்ரோல் பாக்ஸ் இனி தேவையில்லை. அதன் பி முனையில் இருக்கும் பிரவுன் வயர்கள் அனைத்தையும் ஒரே ஸ்டட்டில் சேர்த்து இறுக்குங்கள். வீட்டு வயரிங்கில் போடும் ஸ்க்ரூ கனெக்டர் வேண்டாம். டைனமோவின் எஃப் முனைக்குப் போன பிரவுன்-பச்சை இனி வேலையில்லை, இரண்டு முனையையும் மூடிவிடுங்கள். சார்ஜ் பல்பிலிருந்து வரும் பிரவுன்-மஞ்சள் ஆல்டர்நேட்டரின் பல்ப் முனைக்குப் போகும்.

போலாரிட்டி மாற்றினால் விளக்குகள், ஹார்ன் எதற்கும் கவலையில்லை. பெர்மனன்ட் மேக்னட் மோட்டார் எதையாவது யாராவது பிற்பாடு பொருத்தியிருந்தால் அது எதிர்த்திசையில் சுற்றும், இரண்டு வயரை மாற்றிப் போட்டால் சரி. பழைய ரேடியோ இருந்தால் கழற்றிவிடுங்கள். உண்மையான சிக்கல் ஆர்பிஎம் மீட்டர். அந்தக் கால ஸ்மித்ஸ் மீட்டர் காயிலுக்குப் போகும் மின்னோட்டத்தை உணர்ந்து வேலை செய்வது. மீட்டரின் பின்னால் வெள்ளை வயர் ஒரு வளையமாகச் சுற்றிப் போவதைப் பார்க்கலாம். இனி ஒற்றைக் காயிலே இல்லை, நெகட்டிவ் எர்த் வேறு. உள்ளே இருக்கும் எலெக்ட்ரானிக்ஸை மாற்றி, இசியு-வின் டேக்கோ சிக்னலை வாங்கும் மாதிரி செய்ய வேண்டும். முள்ளும் முகப்பும் அப்படியே இருக்கும். அந்த வளையத்தைக் கழற்றும்போது வெள்ளை வயரின் தொடர்பு அறுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு அப்பால் இருக்கும் முனைதான் உங்களுக்கு மெயின் ரிலே சிக்னல் ஆகப் போகிறது.

நாலுசிலிண்டர்

ஆல்டர்நேட்டர் பற்றி ஒரு வார்த்தை. அது டியூராடெக்கோடு வந்த ஃபோர்டு ஸ்மார்ட் சார்ஜ் வகையா, உள்ளே ரெகுலேட்டர் உள்ள சாதாரண வகையா என்று முதலில் பாருங்கள். ஸ்மார்ட் சார்ஜ் என்றால் சார்ஜ் வோல்டேஜை இசியு சொல்ல வேண்டும். சிக்னல் வராவிட்டால் 13.5 வோல்ட்டைச் சுற்றி நின்றுவிடும். உங்கள் இசியு-வில் அந்த வசதி இல்லாவிட்டால் சாதாரண வகையைப் பொருத்துவதே நிம்மதி.

சாதாரண வகையில் ஒரு பொறி இருக்கிறது. சாவியை அணைத்தாலும் இன்ஜின் அணையாது. காரணம் இதுதான்: ஓடும் ஆல்டர்நேட்டரின் பல்ப் முனையில் 14 வோல்ட் நிற்கிறது. அது 2.2 வாட் பல்ப் வழியாகத் திரும்பி வெள்ளை வயருக்கு வந்து மெயின் ரிலே காயிலைப் பிடித்துக்கொள்கிறது. ரிலேயை இழுக்கத்தான் நல்ல வோல்டேஜ் வேண்டும். இழுத்த பிறகு பிடித்து வைக்க அதில் பாதிகூட வேண்டாம். பல்ப் வயரில் 1என்4007 டையோடு ஒன்றைத் தொடராகப் போடுங்கள், வெள்ளிக் கோடு ஆல்டர்நேட்டரைப் பார்த்து. பல்புக்குப் பதில் எல்இடி போடும் எண்ணம் இருந்தால், எல்இடி-யோடு மட்டும் ஆல்டர்நேட்டர் விழிக்காது. எல்இடி-க்கு இணையாக (பேரலலாக) 68 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் சேர்க்க வேண்டும்.

ரிலே87

டையோடு சரி. அதே நோய்க்கு இன்னொரு காரணமும் உண்டு. ஃபேனும் இசியு-வும் ஒரே ரிலே வெளியீட்டைப் பகிர்ந்தால், அணைத்த பிறகும் காற்றில் சுற்றும் ஃபேன் ஜெனரேட்டராகி இசியு-வுக்கு வோல்டேஜ் தள்ளும். ஃபேனுக்கு எப்போதும் தனி ரிலே, தனி ஃபியூஸ், ரிலேயின் 30-ம் முனை (மின்சாரம் உள்ளே வரும் முனை) நேராகப் பேட்டரி பக்கம்.

ரிலே பெட்டிக்கு என் அமைப்பு: மெயின் ரிலேயிலிருந்து இசியு 10 ஆம்பியர், இன்ஜெக்டர் 10, காயில் 15, ஆக்ஸிஜன் சென்சார் ஹீட்டர் 10. தனி ரிலேயில் பம்ப் 15, இன்னொன்றில் ஃபேன் 30. செல்ஃபுக்கு ஒரு ரிலே, ஏனென்றால் புது செல்ஃபின் சாலினாய்டு இழுக்கும் மின்னோட்டத்தை 1966 சாவி ஸ்விட்ச் நீண்ட நாள் தாங்காது. ரிலே வாங்கும்போது உள்ளே ரெசிஸ்டர் அல்லது டையோடு வைத்ததை வாங்குங்கள். ரிலே காயில் அணையும்போது வரும் வோல்டேஜ் துள்ளலை அது விழுங்கும். டையோடு வைத்ததில் ரிலே காயிலின் இரண்டு முனைகளில் 86-தான் பாசிட்டிவ், மாற்றிக் கொடுத்தால் நேர் ஷார்ட்.

புதுப்பாதை

இவ்வளவு ரிலே, ஃபியூஸுக்குப் பதில் ஒரு பிடிஎம் (ஒவ்வொரு லோடுக்கும் மின்சாரத்தை எலெக்ட்ரானிக்ஸால் பிரித்துக் கொடுக்கும்) பெட்டி போட்டால் முடிந்ததே? ஒவ்வொரு சேனலுக்கும் ஆம்பியர் எல்லையை மென்பொருளில் வைக்கலாம், ஃபேனை மெதுவாகக் கிளப்பலாம், பம்ப் எவ்வளவு இழுக்கிறது என்று பதிவாகும். பம்ப் இறுகத் தொடங்கினால் ஆம்பியர் ஏறுவதை முன்கூட்டியே பார்க்கலாம்.

செம்புக்கம்பி

நல்ல கருவிதான், பந்தய வண்டிக்குக் கட்டாயம் சிபாரிசு செய்வேன். இந்த வண்டிக்கு வேண்டாம் என்பது என் கருத்து. ஐந்தாறு ரிலே செய்யும் வேலைக்கு, பழுதானால் எல்லாம் ஒன்றாக நிற்கும் ஒரே பெட்டியை நடுவில் வைக்கிறோம். ரிலே போனால் பக்கத்து ரிலேயைப் பிடுங்கிச் சொருகி வீடு வந்து சேரலாம். பிடிஎம்-க்கு லேப்டாப் வேண்டும்.

புதுப்பாதை

பழுதாகும் வாய்ப்பையும் சேர்த்துப் பாருங்கள். ரிலேயில் தொடும் முனை கருகும், சாக்கெட்டில் ஈரம் இறங்கும், பிளேடு ஃபியூஸின் கால் தளரும். பிடிஎம்-இல் நகரும் பாகமே இல்லை. ஷார்ட் வந்தால் ஃபியூஸ் எரியும் நேரத்தைவிட வேகமாக வெட்டும். ஆனால் லேப்டாப் விஷயம் உண்மை. அதோடு, பிடிஎம் எடுத்தாலும் மேலே சொன்ன மெகா ஃபியூஸ், கேபிள் தடிமன் எதுவும் மாறாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதைப் பலர் மறக்கிறார்கள்.

திருப்புளி

ரிலேயே போடுகிறேன். எர்த் பற்றிச் சொல்லுங்கள். பாடி முழுக்க இரும்பு, அதனால் எங்கே வேண்டுமானாலும் எர்த் எடுக்கலாம் என்று நினைத்திருந்தேன்.

நாலுசிலிண்டர்

இதில்தான் அதிக இன்ஜின் மாற்றங்கள் தடுக்கி விழுகின்றன, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இன்ஜின் ரப்பர் மவுன்ட்டில் உட்கார்ந்திருக்கிறது. அதற்கும் பாடிக்கும் மின் தொடர்பு என்பது நீங்கள் போடும் ஸ்ட்ராப் மட்டும்தான். பிளாக்கிலிருந்து பாடிக்கு 35 சதுர மி.மீ. ஸ்ட்ராப், இரண்டு முனையிலும் பெயின்ட்டை வெள்ளிபோல் மின்னும்வரை சுரண்டி, இறுக்கிய பிறகு மேலே கிரீஸ். இது இல்லாமலோ தளர்ந்தோ இருந்தால் செல்ஃபின் 200 ஆம்பியர் திரும்பிப் போக வேறு வழி தேடும். ஆக்ஸிலரேட்டர் கேபிள், ஸ்பீடோ கேபிள் இவற்றின் உலோக உறை வழியாகப் போய் அவை புகைவதைப் பார்க்கலாம். பேட்டரி நெகட்டிவ் பாடியில் சேரும் இடத்துக்கும் அதே மரியாதை.

இசியு எர்த் வேறு கதை. பவர் எர்த் வயர்கள் அனைத்தும் சிலிண்டர் ஹெட்டில் அல்லது பிளாக்கில் ஒரே போல்ட்டில் சேரட்டும். பாடியில் வேண்டாம். சென்சார் எர்த் இசியு-வின் சென்சார் எர்த் பின்னுக்கு மட்டும் போகும். அதைப் போகிற வழியில் பாடியிலோ பிளாக்கிலோ சேர்த்தால், ஃபேன் ஓடும்போதெல்லாம் வெப்பநிலை சென்சாரும் திராட்டில் சென்சாரும் சில பத்து மில்லிவோல்ட் தள்ளிக் காட்டும். "ஃபேன் போட்டால் ஐடில் ஆடுகிறது" என்ற புகாருக்குப் பெரும்பாலும் காரணம் இதுவே.

கிராங்க் சென்சார் இரண்டு வயர் விஆர் வகை (காந்தமும் காயிலும் கொண்டது), 36-1 பல் சக்கரம், அதாவது 36 பல்லில் ஒன்று இல்லாதது. முறுக்கிய ஜோடி, ஷீல்டு உள்ள கேபிள் போடுங்கள். ஷீல்டை இசியு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள், சென்சார் முனையில் வெட்டி மூடிவிடுங்கள். இரண்டு முனையிலும் எர்த் செய்தால் ஷீல்டே மின்சாரம் சுமக்கும் வயராகிவிடும். காயில் வயர்களிலிருந்து 10 செ.மீ. தள்ளிப் போகட்டும், குறுக்கே தாண்ட வேண்டியிருந்தால் செங்குத்தாகத் தாண்டுங்கள். சென்சாரின் பிளஸ் மைனஸ் மாறினால் இன்ஜின் ஓடவே ஓடாது என்பதில்லை. சில சமயம் ஓடும், டைமிங் மட்டும் நிலையில்லாமல் நகரும். இக்னிஷன் டைமிங்கை இசியு-வில் பூட்டி வைத்து, டைமிங் லைட் அடித்துப் பார்த்த பிறகுதான் நம்பலாம்.

ரிலே87

பம்புக்கு 2.5 சதுர மி.மீ. போதும். 4 மீட்டருக்கு 8 ஆம்பியரில் 0.22 வோல்ட்தான் போகும். அதே அளவு எர்த் வயரையும் பின்னாலேயே வெல்டு நட்டில் கொடுங்கள். பழைய எஸ்யு பம்பின் வெள்ளை வயரை இதற்குப் பயன்படுத்த வேண்டாம், முனையை மூடிவிடுங்கள். மோதினால் வெட்டும் இனர்ஷியா ஸ்விட்ச் கட்டாயம். ரிலே காயில் பக்கத்தில் போடுங்கள், ஸ்விட்சுக்குச் சுமை குறையும்.

நாலுசிலிண்டர்

அந்த ஒன்றில் மட்டும் உடன்பாடில்லை. ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டால் காயில் பக்கத்து ஸ்விட்ச் எதையும் வெட்டாது. ஃபோர்டு வண்டிகளில் வரும் இனர்ஷியா ஸ்விட்ச் பம்ப் மின்னோட்டத்தை நேராகத் தாங்கும். அதை ரிலேயின் வெளியீட்டு முனையான 87-க்கும் பம்புக்கும் நடுவில் போடுவதே சரி.

ரிலே87

ஒப்புக்கொள்கிறேன், நேர் வழியில் போடுங்கள். ஸ்விட்சின் ஆம்பியர் அளவை மட்டும் சரிபார்த்துவிடுங்கள்.

திருப்புளி

எல்லாம் முடிந்து முதன்முதலாக பேட்டரியை இணைக்கும்போது என்ன வரிசை?

செம்புக்கம்பி

இசியு கனெக்டர் கழன்றிருக்கட்டும். ரிலேக்கள், ஃபியூஸ்கள் எல்லாம் வெளியே. பேட்டரி பாசிட்டிவுக்கும் கேபிளுக்கும் நடுவில் 21 வாட் பல்ப் ஒன்றைத் தொடராக வையுங்கள். எங்காவது நேர் ஷார்ட் இருந்தால் பல்ப் முழு வெளிச்சத்தில் எரியும், 2 ஆம்பியருக்கு மேல் போகாது, எதுவும் கருகாது. எரியவில்லை என்றால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகச் சொருகி, ஒவ்வொரு முறையும் பல்பைப் பாருங்கள். உள்விளக்கு போன்ற சின்ன லோடுக்கு மங்கலாக எரிவது சரி.

பிறகு பல்பை எடுத்துவிட்டு நேராக இணைத்து, ரிலேக்களையும் சொருகி, சாவி போட்டு, இசியு கனெக்டரில் பவர் பின்களில் பேட்டரி வோல்டேஜ் வருகிறதா, எர்த் பின்களுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில் 0.5 ஓமுக்குக் குறைவா என்று பாருங்கள். ஓம் அளவை சாவி அணைத்த பிறகு எடுங்கள். அதன்பின் 5 வோல்ட் சென்சார் பின்களில் 12 வோல்ட் எங்கும் இல்லை என்பதை உறுதி செய்யுங்கள். ஒரே ஒரு பின் மாறியிருந்தாலும் இசியு-வின் உள்பாகம் கெட்டுவிடலாம். பிறகே இசியு-வைச் சொருகலாம்.

பம்ப், காயில், இன்ஜெக்டர் ஃபியூஸ்களை எடுத்துவிட்டு செல்ஃப் மட்டும் அடியுங்கள். அடிக்கும்போதே மல்டிமீட்டரை மூன்று இடத்தில் வையுங்கள். பேட்டரி பாசிட்டிவ் தலைக்கும் செல்ஃப் போல்ட்டுக்கும் நடுவில் 0.5 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். பேட்டரி நெகட்டிவ் தலைக்கும் பிளாக்குக்கும் நடுவில் 0.3-க்குள். வெள்ளை வயரில் 10 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது. பேட்டரி நன்றாக இருந்தும் குறைந்தால் சாவி ஸ்விட்சின் உள் முனைகள் கருகியிருக்கலாம். அப்படி இருந்தால், செல்ஃப் அடிக்கும்போது பிடிக்காமல் சாவியை விடும் நொடியில் மட்டும் இன்ஜின் பிடிக்கும்.

திருப்புளி

கடைசியாக ஒன்று. பேட்டரிக்கு மெயின் கட்-ஆஃப் ஸ்விட்ச் வைக்கலாமா? இரண்டு முனை உள்ள சாதாரண ஸ்விட்ச் கையில் இருக்கிறது.

நாலுசிலிண்டர்

நிறுத்தி வைக்கும்போது துண்டிக்க மட்டும் என்றால் போதும். ஓடும் இன்ஜினை அவசரத்தில் அணைக்க அது உதவாது. பேட்டரியை வெட்டினாலும் ஆல்டர்நேட்டர் இன்ஜினை ஓட்டிக்கொண்டே இருக்கும். அதைவிட மோசம், சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கும் பேட்டரி திடீரென்று கழன்றதால் வோல்டேஜ் பல மடங்கு துள்ளி இசியு-வையும் ரெகுலேட்டரையும் அடிக்கும். அவசர ஸ்விட்ச் வேண்டுமென்றால் பந்தயத்துக்கான ஆறு முனை ஸ்விட்சைத்தான் வாங்க வேண்டும். அதில் ஒரு ஜோடி இக்னிஷனை வெட்டும், இன்னொரு ஜோடி ஆல்டர்நேட்டர் பக்கத்தைக் கூட வரும் 3 ஓம் ரெசிஸ்டர் வழியாக எர்த்தில் வடிக்கும். இக்னிஷன் ஜோடியை மெயின் ரிலேயின் 86-க்குப் போகும் வெள்ளை வயரில் போடுங்கள். அந்த ரெசிஸ்டர் சூடாகும், ஹார்னஸ் டேப்புக்குள் வைத்துச் சுற்றாமல் தகட்டில் திறந்தபடி பொருத்துங்கள்.